இரண்டு முனை

ஆய்வு எண் முப்பத்தெட்டு.
வலது முன்கை. நடு நரம்பு. ஒன்பது தசைநாண்கள்.
பதினெட்டாம் மாதப் பரிசோதனை
போன மாதமே முடிந்திருக்க வேண்டும்.
மூன்று முறை போன் போட்டேன்,
அம்மா ஏலத்துக்குப் போயிருக்கு என்றான் மகன்.
நான்காம் முறை யாரும் எடுக்கவில்லை.

"தொடர்பில் இல்லை" என்று எழுத
படிவத்தில் ஒரு கட்டம் உண்டு.
இரக்கம் ஒன்றுமில்லை, கணக்குதான்:
ஏற்கெனவே பதினோரு பேர் அந்தக் கட்டத்தில்.
பன்னிரண்டு ஆனால் கட்டுரையைத் திருப்பி அனுப்பிவிடுவார்கள்.

கடலூர் முதுநகரில் ஸ்கூட்டரை நிறுத்தி
படகேறி உப்பனாற்றைத் தாண்டினேன்.
பைக்குள் பிடிவலு மானி, கோணமானி,
ஒரு ரூபாய் அகலத்தில் இருமுனைத் தகடு.

அஞ்சலாட்சி சங்கரா மீனுக்குச் செதில் சீவிக்கொண்டிருந்தாள்,
இடக்கையால்.
என்னைப் பார்த்ததும் கத்தியை வலக்கைக்கு மாற்றினாள்.
அப்போதே எனக்குப் புரிந்திருக்க வேண்டும்.

கேள்விகளில் தொடங்கினேன்.
கையுறை மாட்டுவதில் சிரமம் உண்டா?
எதுக்கு மாட்டணும்?
ரொட்டியில் வெண்ணெய் தடவுவதில்?
பக்கத்து வீட்டுப் பெண்கள் சிரித்தார்கள்.
"இல்லைன்னு போட்டுக்க" என்றாள்.
எல்லாவற்றுக்கும் இல்லை என்றே போட்டேன்.
நூற்றுக்கு நான்கு. பூச்சியம்தான் ஆகச் சிறந்தது.

மணிக்கட்டு வளைவு அறுபது.
பிடிவலு பதினேழு கிலோ.
ஐஸ் அரைக்கும் மிஷின் தின்ற கைக்கு
இது நல்ல எண்.

பிறகு, கண்ணை மூடிக்கோங்க.
சுட்டுவிரல் நுனியில் ஒரு முனை.
"ஒண்ணு."
இரண்டு முனை, ஆறு மில்லிமீட்டர் இடைவெளி.
"ரெண்டு."
பத்துக்குப் பத்தும் சரி.
தைத்த நரம்பு இவ்வளவு தூரம் திரும்பி வந்து
நான் பார்த்ததில்லை.

அவள் கட்டைவிரலைத் திருப்பினேன்.
நான்கு வெட்டுகள், ஒன்று இன்னும் ஈரம்.
இது எப்போ?
"காலையில போல. அலசற தண்ணி செவந்தாதான் தெரியுது."

தகடு என் கையில் அப்படியே இருந்தது.
அப்புறம் எப்படிம்மா சரியாச் சொன்னீங்க?

கண்ணைத் திறக்காமல் சிரித்தாள்.
"நீ ஒண்ணு வச்சா மூச்ச வுடற.
ரெண்டு வச்சா புடிச்சிக்கற.
அந்த டாக்டரம்மா ஏழு மணி நேரம் நின்னாங்களாம்,
காலெல்லாம் வீங்கிப்போச்சாம்.
நான் பெயிலாயி
அவுங்களுக்கு எதுக்குக் கெட்ட பேரு?"

துறைமுகத்தில் ஏதோ விசைப்படகு இன்ஜினை உதறியது.
அது அடங்கும்வரை இருவரும் பேசவில்லை.

மறுபடி வைத்தேன், மூச்சே விடாமல்.
ஆறில், தெரியல.
எட்டில், தெரியல.
பத்தில் ஒண்ணு என்றாள், தப்பு.
பன்னிரண்டில் என் நெஞ்சு எரிந்தது,
வெளியே போய் மூச்சு வாங்கிவிட்டு வந்தேன்.
பதினைந்தில் அவள் நெற்றி சுருங்கியது,
கூட்டத்தில் தன் பெயர் கேட்டதுபோல்.
"ரெண்டு" என்றாள்.
பிறகு மெதுவாக,
"இது நெசமா ரெண்டு."

பதினைந்து என்று எழுதினேன்.
மேலே ஆறாம் மாதம், பன்னிரண்டாம் மாதம்,
என் கையெழுத்திலேயே ஆறு, ஆறு.
அடிக்கலாமா என்று கேட்க ஆளில்லை.
பேனா மூடியைக் கடித்துக்கொண்டிருந்தேன்.
இவளுக்கு முன்னால் முப்பத்தேழு பேர்.
அத்தனை பேர் முன்னாலும்
நான் மூச்சு விட்டிருக்கிறேன்.

கிளம்பும்போது ஒரு கூறு மீனைத் தாளில் சுற்றினாள்.
ஆய்வில் பங்கேற்பவரிடம் எதுவும் வாங்கக் கூடாது.
வாங்கிக்கொண்டேன்.

திரும்பும் படகில் சில்லறை கேட்டார்கள்.
மானிக்கும் சாவிக்கும் மீனுக்கும் நடுவே
பைக்குள் கையை விட்டேன்.
பார்க்காமலே
பத்து ரூபாய் நாணயம் விரலில் பட்டது.